நரம்புத் தளர்ச்சி வேறு, நரம்புச் சிதைவு வேறு: ஒரு மருத்துவரின் 25 ஆண்டுத் தேடல் வழியாக ஓர் எளிய விளக்கம்

என் பெரியப்பாவின் கையெழுத்து சிறுத்துக்கொண்டே வருவதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. கண்டுபிடித்தது வங்கியில் இருந்த எழுத்தர்தான். பணம் எடுக்கும் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, "சார், கையெழுத்து ஒத்துவரல, இன்னொரு தடவை போடுங்க" என்றார். பெரியப்பா மறுபடி போட்டார். முதல் எழுத்து பழைய அளவில் இருந்தது. போகப்போகச் சுருங்கி, கடைசி எழுத்து எறும்பு அளவுக்கு ஆகியிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மாத்திரையை உருட்டுவதுபோல அசைந்துகொண்டே இருக்கும். "நரம்புத் தளர்ச்சிதான், சத்து டானிக் குடிச்சா சரியாயிடும்" என்று எல்லோரும் சொன்னோம். அப்படியே இரண்டு வருடம் போனது. அது பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தபோது அவருக்குச் சட்டைப் பொத்தான் போடவே பத்து நிமிடம் ஆனது.

அந்த இரண்டு வருடத்தை நாங்கள் இழந்ததற்குப் பெரிய காரணம் ஒரு சொல். அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

'நரம்பு' என்று எதையெல்லாம் சொல்கிறோம்?

பேச்சுத் தமிழில் நரம்பு என்பது பல பொருளுக்கு ஒரே சொல். கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவது நரம்பு. குளுக்கோஸ் ஏற்றும் ஊசியை 'நரம்பு ஊசி' என்கிறோம். காலில் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் 'நரம்பு சுருட்டல்'. உண்மையில் இவை மூன்றும் ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டவை. மூளையிலிருந்து உடம்புக்கும், உடம்பிலிருந்து மூளைக்கும் செய்தி கொண்டுபோகும் நரம்பு வேறு. அது வெளியே கண்ணுக்குத் தெரிவதில்லை.

'நரம்புத் தளர்ச்சி' இன்னும் மோசம். கை நடுங்கினால், களைப்பாக இருந்தால், தூக்கம் வராவிட்டால், புதுமாப்பிள்ளைக்குப் பயம் வந்தால், எல்லாவற்றுக்கும் அதே பெயர். இன்றைய மருத்துவத்தில் அப்படி ஒரு நோயே கிடையாது. நரம்புச் சிதைவு நோய் அப்படியல்ல. மருத்துவம் தெளிவாக வரையறுத்த ஒரு குழுவின் பெயர் அது. மூளையிலோ தண்டுவடத்திலோ உள்ள நரம்பணுக்கள், அதாவது நியூரான்கள், படிப்படியாகச் செயலிழந்து மடிந்துபோகும் நோய்களை அப்படி அழைக்கிறார்கள். அல்சைமர், பார்க்கின்சன், ஹண்டிங்டன், தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் ஏஎல்எஸ் எல்லாம் இதில் அடங்கும்.

அப்புறம், யாரிடம் போவது என்பதிலும் குழப்பம் உண்டு. நரம்பியல் மருத்துவர் (நியூராலஜிஸ்ட்) மூளை, தண்டுவடம், நரம்பு நோய்களைக் கண்டறிந்து மருந்து தருபவர். அறுவை சிகிச்சை செய்பவர் நியூரோ சர்ஜன். மனநலம் பார்ப்பவர் மனநல மருத்துவர். நரம்புச் சிதைவு நோய்க்கு முதலில் பார்க்க வேண்டியவர் நரம்பியல் மருத்துவர்.

கரையான் அரித்த கதவு

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. பக்கவாதத்தில் ரத்தம் திடீரென்று அடைபடுகிறது. காலையில் நன்றாக இருந்தவர் மதியம் பேச முடியாமல் ஆகிறார். மரத்தைக் கோடாலியால் வெட்டுவது மாதிரி அது. நரம்புச் சிதைவு கரையான் மாதிரி. கதவு வெளியிலிருந்து பார்க்க அப்படியே இருக்கும், பெயின்ட் கூட உரியாது. ஒருநாள் விரலால் அழுத்தினால் உள்ளே போய்விடும். பார்க்கின்சனில் நடுக்கமும் மெதுவான நடையும் வெளியே தெரியும் முன்பே, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களில் கணிசமான பகுதி அழிந்துபோயிருக்கும்.

"வயசானா வரத்தான் செய்யும்" என்பதும் சரியல்ல. வயது ஆபத்தைக் கூட்டுகிறது, உண்மைதான். ஆனால் 1901-இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனையில் அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் (அல்சைமர் நோய்க்கு இவர் பெயர்தான்) மறதிக்காகப் பார்த்த அகுஸ்தே டெட்டர் என்ற பெண்ணுக்கு வயது 51. 1906-இல் அவர் இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார் அல்சைமர். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முறுக்கிய இழைகள். சாதாரண முதுமையாக அது தெரியவில்லை.

இதுவரை: நரம்புச் சிதைவு என்பது பலவீனமோ பயமோ அல்ல, வெறும் முதுமையும் அல்ல. நரம்பணுக்கள் சத்தமில்லாமல் மடிவது. ஏன் மடிகின்றன, எப்படி ஓரிடத்தில் தொடங்கிப் பரவுகின்றன? அதற்கான விடையில் ஒரு பெரிய பகுதி, எலிகளோடும், ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற சிறு பிராணிகளோடும் பல வருடங்களைக் கழித்த ஒரு நரம்பியல் மருத்துவரிடமிருந்து வந்தது.

1972: ஒரு நோயாளி

ஸ்டான்லி புருசினர் 1942-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துவிட்டு, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மூன்று வருடம் நொதிகளைச் சுத்திகரிக்கும் வேலை பார்த்தார். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் நரம்பியல் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளில், 1972-இல், ஒரு பெண் நோயாளி அவர் பொறுப்புக்கு வந்தார். ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. அன்றாட வேலைகளைச் செய்ய முடியவில்லை. நோயின் பெயர் குரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப். சுருக்கமாக சிஜேடி என்பார்கள். மறதியில் தொடங்கி, பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் உயிரைப் பறித்துவிடும். 10 லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவருக்குத்தான் வரும்.

காரணம் என்ன என்று கேட்டார். 'மெதுவான வைரஸ்' என்று பதில் வந்தது. அந்த வைரஸை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று தேடினால், யாரும் பார்த்ததில்லை. இவ்வளவு மூர்க்கமாக மூளையை அழிக்கும் தொற்று, ஆனால் காய்ச்சல் இல்லை, உடம்பு எதிர்த்துப் போராடும் அறிகுறியே இல்லை. அந்தப் பெண்ணைக் காப்பாற்ற வழியில்லை. ஆனால் கேள்வி அவரை விடவில்லை. 1974-இல் சொந்தமாக ஆய்வகம் தொடங்கினார்.

நரம்பியல் ஆராய்ச்சியாளரின் வேலையை நான் புரிந்துகொண்டது இந்த இடத்தில்தான். மற்ற மருத்துவர்களும் அதே நோயாளியைப் பார்த்திருப்பார்கள், வருத்தப்பட்டிருப்பார்கள், அடுத்த படுக்கைக்குப் போயிருப்பார்கள். இவர் அந்தப் படுக்கையில் பிறந்த கேள்வியை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். நோயாளியை நேரில் பார்த்துப் பழகியவருக்கும், புரதத்தைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவருக்கும் இடையே பொதுவாக ஒரு இடைவெளி இருக்கும். புருசினருக்கு இரண்டும் தெரிந்திருந்தது.

ஆட்டுக்கு வந்த அரிப்பு, மலைக்கிராமத்துக்கு வந்த நடுக்கம்

அவருக்கு முன்பே சில தடயங்கள் சிதறிக் கிடந்தன. ஐரோப்பிய ஆடுகளுக்கு ஸ்க்ரேப்பி என்ற நோய் நூற்றாண்டுகளாக உண்டு. அரிப்பு தாங்காமல் வேலியில் உடம்பைத் தேய்க்கும், பிறகு தள்ளாடி விழுந்து சாகும். பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் ஃபோரே மக்களிடம் குரு என்ற நடுக்க நோய் பரவியிருந்தது. இறந்த உறவினரின் உடலை உண்ணும் இறுதிச் சடங்கு அவர்களிடம் இருந்தது. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகமாக நோயுற்றார்கள். கார்ல்டன் கய்டுசெக் என்ற அமெரிக்க மருத்துவர் அங்கே போய் ஆராய்ந்து, பின்னர் அந்த நோயைச் சிம்பன்சிகளுக்கு மாற்றிக் காட்டினார். 1976-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆட்டையும் மனிதனையும் இணைத்தவர் ஒரு கால்நடை மருத்துவர். வில்லியம் ஹேட்லோ 1959-இல் லண்டனில் ஒரு கண்காட்சியில் குரு நோயாளிகளின் மூளைப் படங்களைப் பார்த்தார். கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. 'இதை நான் ஸ்க்ரேப்பி ஆடுகளில் பார்த்திருக்கிறேனே' என்று அவருக்குப் பட்டது. லான்செட் மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்.

இன்னொரு விசித்திரம்: ஸ்க்ரேப்பியை உண்டாக்கும் பொருளைக் கொதிக்க வைத்தாலும் அது சாகவில்லை. கிருமிகளைக் கொல்லும் ஃபார்மலின் திரவத்திலும் பிழைத்தது. லண்டனில் திக்வா ஆல்பர் குழுவினர் அதன் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். வைரஸ், பாக்டீரியா எல்லாவற்றுக்கும் உள்ளே மரபணுப் பொருள் (டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ) இருக்கும். அது பெருகுவதற்கான குறிப்பேடு மாதிரி. புற ஊதாக் கதிர் அந்தக் குறிப்பேட்டைக் கிழித்துவிடும். ஸ்க்ரேப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. குறிப்பேடு இல்லாமலே பெருகுகிறதா என்று 1967-இல் அவர்கள் கேட்டார்கள்.

தயிரா, கற்கண்டா?

இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள அடுப்படிக்குப் போவோம்.

ஒரு சொட்டு உறைமோர் ஒரு குடம் பாலைத் தயிராக்குகிறது. ஏனென்றால் அதில் உயிருள்ள பாக்டீரியா இருக்கிறது. அது பாலில் பெருகுகிறது. பாலைக் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது உறை ஊற்றினால் பாக்டீரியா செத்துவிடும், தயிர் உறையாது. சிஜேடியும் ஸ்க்ரேப்பியும் இப்படித்தான் பரவுகின்றன என்று எல்லோரும் நினைத்தார்கள். உறைமோரில் இருக்கும் உயிரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கற்கண்டு எப்படிச் செய்கிறார்கள்? அடர்த்தியாகக் காய்ச்சிய பாகில் நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் வைக்கிறார்கள். நூலில் ஒரு சிறு படிகம் ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் பாகிலிருக்கும் சர்க்கரை அதே ஒழுங்கில் வந்து அடுக்கிக்கொள்கிறது. மறுபடி, மறுபடி. வாரக்கணக்கில் பெரிய கட்டியாகிறது. அதிலிருந்து ஒரு துண்டை உடைத்து வேறு பாகில் போட்டால் அங்கேயும் தொடங்கும். இங்கே உயிர் எதுவும் இல்லை. சர்க்கரை ஏற்கெனவே பாகில் இருந்ததுதான். வந்தது புது வடிவம் மட்டும்.

புருசினர் கண்டது கற்கண்டு வழியை.

60 எலிகள், ஒரு வருடம்

கண்டது என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டேன். நடந்தது அவ்வளவு சுலபமில்லை. நோயுற்ற மூளையை அரைத்த ஒரு கரைசலில் ஸ்க்ரேப்பி எவ்வளவு இருக்கிறது என்று அளக்க அன்று ஒரே வழிதான்: 60 எலிகளுக்கு ஊசி போட்டு, ஒரு வருடம் காத்திருந்து, எத்தனை எலிக்கு நோய் வருகிறது என்று எண்ணுவது. ஒரு சோதனைக்கு ஒரு வருடம்! தப்பாகப் போனால் இன்னொரு வருடம். அவர் ஹாம்ஸ்டருக்கு மாறினார். எத்தனை நாளில் நோய் வருகிறது என்பதை வைத்தே அளவைக் கணக்கிட்டார். நான்கு ஹாம்ஸ்டர்கள், ஏறத்தாழ 70 நாட்கள். வேலை பல மடங்கு வேகமானது.

ஆனால் சுத்தப்படுத்தச் சுத்தப்படுத்த, கையில் மிஞ்சியது புரதம் மட்டுமே. மரபணுப் பொருளை அழிக்கும் எதைச் செய்தாலும் நோய் உண்டாக்கும் சக்தி குறையவில்லை. புரதத்தைச் சிதைத்தால் குறைந்தது. தன் முடிவு தனக்கே சங்கடமாக இருந்த காலம் அது. 1970-களின் இறுதியில் அவருக்கு வந்துகொண்டிருந்த பெரிய நிதியுதவி புதுப்பிக்கப்படவில்லை. பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பதவியும் கிடைக்காது என்று சொல்லப்பட்டது. நல்லவேளை, அந்த முடிவு பிறகு மாறியது.

1982-இல் சயின்ஸ் இதழில் கட்டுரை வந்தது. அந்தப் பொருளுக்குப் பிரியான் என்று பெயர் வைத்தார். பிரியான் என்றால் தொற்றக்கூடிய, புரதத்தால் மட்டுமே ஆன துகள். எதிர்ப்பு பலமாக இருந்தது. மரபணு இல்லாமல் ஒன்று பெருகும் என்பதை ஏற்க வைரஸ் ஆய்வாளர்கள் பலர் தயாராக இல்லை. அது நியாயமான சந்தேகம் என்றே நான் நினைக்கிறேன். அவ்வளவு பெரிய கூற்றுக்கு அதே அளவு ஆதாரம் கேட்பதுதான் அறிவியல்.

ஆதாரம் வந்தது. 1985-இல் அந்தப் புரதத்துக்கான மரபணு கிடைத்தது. அது எந்த வைரஸிலும் இல்லை. எலியிடம், ஹாம்ஸ்டரிடம், மனிதனிடம், எல்லோருடைய உடம்பிலும் பிறவியிலேயே இருந்தது. பாகு நம்முடையதே! பிறகு சூரிச்சில் சார்ல்ஸ் வைஸ்மன் குழு அந்த மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கியது. அவை நன்றாகவே வளர்ந்தன. 1993-இல் வெளியான முடிவு: ஸ்க்ரேப்பியை மூளைக்குள் செலுத்தியும் அவற்றுக்கு நோய் வரவில்லை. பாகு இல்லாத இடத்தில் கற்கண்டு வளரவில்லை. 1997-இல் மருத்துவ நோபல் பரிசு புருசினருக்கு, யாருடனும் பகிராமல்.

இதுவரை: பிரியான் கிருமி அல்ல. நம் உடம்பே தயாரிக்கும் ஒரு புரதம், தப்பான வடிவத்துக்கு மாறியது.

சுருளும் கொசுவமும்

'தப்பான வடிவம்' என்றால் என்ன? புரதம் என்பது அமினோ அமிலம் என்ற 20 வகைச் சிறு மணிகளைக் கோத்த நீளமான சரம். கோத்து முடித்ததும் சரம் சும்மா தொங்காது. குறிப்பிட்ட வடிவத்துக்கு மடிந்துகொள்ளும். சாவியின் வெட்டு மாறினால் பூட்டு திறக்காததுபோல, மடிப்பு மாறினால் புரதம் வேலை செய்யாது.

இரண்டு மடிப்பு வகைகளை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று சுருள், பழைய டெலிபோன் ஒயர் மாதிரி. இன்னொன்று தட்டையான மடிப்பு, புடவைக் கொசுவம் மாதிரி. நல்ல பிரியான் புரதத்தில் சுருள் அதிகம். அது நரம்பணுவின் மேல் சமர்த்தாக இருக்கும், வேலை முடிந்ததும் உடம்பு அதைக் கரைத்துவிடும். கெட்ட வடிவத்தில் கொசுவம் அதிகம். கொசுவம் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக அடுக்கிக்கொள்ளும், எளிதில் கரையாது. மணிகள் அதே மணிகள், வரிசையும் அதே வரிசை. மடிப்பு மட்டும் வேறு.

கெட்ட வடிவம் ஒன்று நல்ல வடிவத்தின்மேல் ஒட்டும்போது அதையும் கொசுவமாக மாற்றுகிறது. அடுக்கு நீள்கிறது. நடுவில் உடைகிறது. உடைந்த ஒவ்வொரு துண்டும் புது விதை. நரம்பணுக்கள் இந்தக் குப்பையோடு தாக்குப்பிடிக்க முடியாமல் மடிகின்றன, மூளை கடற்பஞ்சாகிறது. முதல் விதை எங்கிருந்து வருகிறது? சிஜேடியில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்கு எந்த வெளிக்காரணமும் இல்லாமல் தானாக. சிலருக்குப் பரம்பரை மரபணுப் பிழையால். மிகச் சிலருக்கு வெளியிலிருந்து. பிரிட்டனில் 1986-இல் கண்டறியப்பட்ட 'பித்துப் பசு' நோய் கடைசி வகைக்கு உதாரணம். வெட்டிய மாடுகளின் எஞ்சிய உடல் பாகங்களை அரைத்து மாடுகளுக்கே தீவனமாகக் கொடுத்ததால் பெருகி, இறைச்சி வழியாக மனிதருக்கும் வந்தது. பிரிட்டனில் மட்டும் 170-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சமைத்தாலும் பிரியான் அழியாது என்பதை ஞாபகம் வையுங்கள்.

அல்சைமரும் பார்க்கின்சனும் இதில் எங்கே வருகின்றன?

10 லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்கு இவ்வளவு கதை எதற்கு என்று கேட்கலாம். அல்சைமர் பார்த்த படிவுகள் அமிலாய்டு-பீட்டா என்ற புரதத் துண்டு. உள்ளே முறுக்கிக் கிடந்தது டௌ என்ற புரதம். பார்க்கின்சன் நோயாளிகளின் நரம்பணுக்களுக்குள் உருண்டைகளாகச் சேர்வது ஆல்பா-சைனுக்ளின். பெயர்கள் மறந்தாலும் பரவாயில்லை. மூன்றும் நம் உடம்பின் சொந்தப் புரதங்கள், மூன்றும் தப்பாக மடிகின்றன, ஓரிடத்தில் தொடங்கி மூளைக்குள் பரவுகின்றன. அதே கற்கண்டு வழி.

என்னை அதிகம் உலுக்கிய ஆதாரம் 2008-இல் வந்தது. பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்குப் பத்து வருடங்களுக்கும் முன்னர், கருவிலிருந்து எடுத்த இளம் நரம்பணுக்களை மூளையில் பதித்திருந்தார்கள். அவர்கள் இறந்த பின் பார்த்தால், அந்த இளம் நரம்பணுக்களிலும் சில, அதே உருண்டைகளைக் கொண்டிருந்தன. நல்ல நரம்பணுவுக்கு நோய் பக்கத்திலிருந்து போயிருக்கிறது என்று பலர் இதைப் புரிந்துகொண்டார்கள். இவற்றையும் பிரியான் நோய் என்றே அழைக்கலாமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. புருசினர் அழைக்கலாம் என்கிறார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூளைக்குள் ஒரு நரம்பணுவிலிருந்து இன்னொரு நரம்பணுவுக்குப் பரவுவது வேறு, ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவது வேறு. அல்சைமர், பார்க்கின்சன் உள்ளவரைத் தொட்டால், குளிப்பாட்டினால், ஒரே தட்டில் சாப்பிட்டால் எதுவும் ஒட்டாது. சிஜேடி கூட அன்றாடப் பழக்கத்தில் தொற்றுவதில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுப் பெரியவரைத் தனி அறையில் விட்டுவிடாதீர்கள்.

இன்று வார்டில் என்ன மாறியிருக்கிறது?

நோயைக் கண்டறிவது மாறியிருக்கிறது. முதுகுத்தண்டிலிருந்து எடுத்த திரவத்தின் சில துளிகளை, நல்ல பிரியான் புரதம் உள்ள கரைசலில் விட்டுக் குலுக்குகிறார்கள். அதில் கெட்ட விதை இருந்தால் கரைசலில் புரதம் அடுக்கத் தொடங்கும்; கருவி அதை ஒளியாகக் காட்டும். பாகில் கற்கண்டு வளர்வதைக் குழாய்க்குள் பார்ப்பதுதான் இது. ஆல்பா-சைனுக்ளினுக்கும் இதே வகைச் சோதனை வந்துவிட்டது.

சிகிச்சை அவ்வளவு வேகமாக வரவில்லை. புருசினர் குழு நம்பிக்கை வைத்த குவினக்ரின் என்ற பழைய மலேரியா மருந்து, நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது ஆயுளைக் கூட்டவில்லை. அல்சைமருக்கு, அமிலாய்டு படிவை அகற்றும் லெக்கனமாப் என்ற மருந்து 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. ஆரம்ப நிலை நோயாளிகளிடம் 18 மாதத்தில் சரிவை ஏறத்தாழ 27 சதவீதம் மெதுவாக்கியது, நிறுத்தவில்லை. மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் பக்கவிளைவாக வரலாம். பெரியப்பாவுக்குக் கொடுத்த மாத்திரை டோபமைன் குறைவை ஈடுகட்டியது. அதனால் நான்கைந்து வருடம் அவரால் தானே சட்டை போட்டுக்கொள்ள முடிந்தது. நரம்பணுக்கள் மடிவதை அது தடுக்காது என்பதையும் மருத்துவர் முதல் நாளே எங்களிடம் சொல்லிவிட்டார்.

பிரியான் நோயில் இப்போது முயற்சி வேறு திசையில் போகிறது. அமெரிக்காவில் சோனியா வல்லப் என்ற பெண் சட்டம் படித்தவர். அவர் அம்மா 2010-இல் பரம்பரைப் பிரியான் நோயில் இறந்தார். அதே மரபணுப் பிழை தனக்கும் இருப்பது அடுத்த ஆண்டு சோதனையில் தெரிந்தது. அவரும், போக்குவரத்துத் திட்டமிடல் வேலையில் இருந்த கணவர் எரிக் மினிக்கேலும் வேலையை விட்டு, உயிரியல் படித்து, முனைவர் பட்டம் வாங்கி, இன்று பிரியான் ஆய்வகம் நடத்துகிறார்கள். கெட்ட வடிவத்தைத் துரத்துவதற்குப் பதிலாக, அந்தப் புரதம் உருவாவதையே குறைத்துவிடலாம் என்பது அவர்கள் வழி. அந்தப் புரதமே இல்லாமல் சூரிச் எலிகள் நன்றாக வாழ்ந்ததால்தான் இதை யோசிக்கவே முடிந்தது. பாகின் அளவைக் குறைக்கும் அப்படிப்பட்ட ஒரு மருந்து மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனைக்கு வந்திருக்கிறது.